பலகைக்குப் போன கடைசி வரி

அலுவலகத்தில் அவருக்கு அரைப்புள்ளியார் என்று பெயர். வைத்தது யார் என்று தெரியவில்லை, ஆனால் வைத்தவருக்கு நல்ல கண். இருபத்திரண்டு வருடமாக ஜாவா மொழியில் புரோகிராம் எழுதியவர் அவர். அந்த மொழியில் ஒவ்வொரு வரியையும் அரைப்புள்ளி வைத்து முடிக்க வேண்டும். வைக்காவிட்டால் கம்ப்யூட்டர் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். கை அதற்கே பழகிவிட்டது. கடைச் சீட்டில் ‘உப்பு; சோப்பு; ஊசி; நூல்;’ என்று எழுதுவார். வங்கியில் கையெழுத்துக்குப் பின்னால் ஒன்று விழுந்துவிட்டதால், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று இரண்டு முறை படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கையோடு நின்றிருந்தால் பரவாயில்லை, வாய்க்கும் தொற்றிக்கொண்டது. ஜாவாவில் எதைச் சொல்வதற்கும் முன்னால் அது என்ன இனம் என்று சொல்லியாக வேண்டும். இது எண், இது எழுத்து, இது ஆமாம்-இல்லை என்று. அவரும் அப்படியே பேசுவார். காலையில் குளியலறை வாசலில் நின்றுகொண்டு, “ஒரு கேள்வி; பதில் ஆமாம் இல்லைன்னா இல்லை; வெந்நீர் போட்டாச்சா?” என்பார். அவர் கேட்டு முடிப்பதற்குள் வெந்நீர் ஆறிவிடும் என்று மனைவி சொல்வாள்.

மனைவிக்குப் பெரிய பேருந்து நிலையத்தின் விசாரணைக் கவுண்டரில் வேலை. ஆயிரம் பேர் ஒரே கேள்வியைக் கேட்பார்கள், ஆயிரம் முறையும் அவள் முதல் முறை கேட்கிற முகத்தோடு பதில் சொல்ல வேண்டும். அந்த நிலையத்தின் திரைகளுக்கெல்லாம் புரோகிராம் எழுதிக் கொடுத்தது இவருடைய நிறுவனம்தான். எந்த பஸ், எந்த நடைமேடை, இன்னும் எத்தனை நிமிடம் என்று புருஷன் எழுதுவதைப் பெண்டாட்டி வாசித்துச் சொல்ல, ஊர் பஸ் ஏறிக்கொண்டிருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை சொல்ல ஒன்றும் இல்லாத இடத்தில்தான் மேலே இருப்பவர்களுக்குக் கை அரிக்கும்.

முதலாளி எங்கோ விமானத்தில் போயிருக்கிறார். பக்கத்து இருக்கைக்காரர் மூன்று மணி நேரம் பேசியிருக்கிறார். விமானம் இறங்கியபோது ஜாவா பழசாகிப்போயிருந்தது. திங்கட்கிழமை காலையில் எல்லோரையும் கூட்டி, இனி எல்லாம் ரூபி மொழியில்தான், மூன்று மாதத்தில் முழுதும் மாற்றியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மொத்தம் நாலாயிரத்து நூற்று அறுபது மெத்தட்கள். மாற்றுவதற்குப் பதினோரு பேர்.

மெத்தட் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஒரு சின்ன வேலையைச் செய்து பதில் சொல்லும் எழுத்து, அவ்வளவுதான். நிறுத்தத்தின் எண்ணைக் கொடுத்தால் அடுத்த பஸ் எத்தனை நிமிடத்தில் என்று சொல்வது ஒரு மெத்தட். ஜாவாவில் அதன் தலைப்பை எழுதுவது அரசாங்கத்துக்கு விண்ணப்பம் போடுகிற மாதிரி. யார் யார் இதைக் கூப்பிடலாம், உள்ளே வருவது எண்ணா எழுத்தா, வெளியே போவது என்ன, எல்லாம் முதல் வரியிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ரூபியில் அந்தச் சள்ளையே கிடையாது. ‘டெஃப்’ என்று ஆரம்பித்து, பெயரைச் சொல்லி, வேலையை எழுதி, ‘எண்ட்’ என்று முடித்தால் சரி. வருவது யார் என்றோ போவது என்ன என்றோ ரூபி ஒரு வார்த்தை கேட்காது. ஜாவாவில் பதிலைக் கொடுக்கும் இடத்தில் ‘ரிட்டர்ன்’ என்று எழுத வேண்டும். ரூபியில் அதுகூடக் கட்டாயமில்லை. கடைசியாக எந்த வரி ஓடியதோ அந்த வரியின் விடையையே பதில் என்று எடுத்துக்கொண்டு போய்விடும்.

இந்தக் கடைசி விஷயம் அரைப்புள்ளியாருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மனைவி மறுநாள் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தார்.

“ஒரு விஷயம்; ஆபீஸ் சம்பந்தப்பட்டது;”

“சொல்லுங்க.”

“இந்த ரூபியில ரிட்டர்னே வேண்டாமாம். கடைசி வரியில என்ன இருக்கோ அதையே பதில்னு எடுத்துக்குமாம்.”

“அப்போ உங்க அக்கா மாதிரி.”

“அக்கா எங்கேருந்து வந்தாங்க இதுல?”

“போன மாசம் போன்ல முக்கால் மணி நேரம் சொன்னேன். எனக்கு லீவு கிடையாது, உங்களுக்கு முதுகு வலி, கோயில் டூருக்கு நாங்க வர்றதுக்கில்லைன்னு. வைக்கும்போது மரியாதைக்கு ‘பார்க்கலாம் அண்ணி’னேன். மறுநாள் நமக்கும் சேர்த்து வேன்ல இடம் போட்டுட்டாங்க இல்ல?”

அவர் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு மொழியை இவ்வளவு சுருக்கமாக யாரும் அவருக்கு விளக்கியதில்லை.

திட்டத்தை நடத்த வந்த மேலாளருக்கு ஒரு புரோகிராமும் தெரியாது. அதை அவர் ஒரு தகுதியாகவே சொல்லிக்கொள்வார். “நான் மரத்தைப் பார்க்க மாட்டேன், காட்டைத்தான் பார்ப்பேன்” என்பார். மூன்றாவது மாடியில் லிஃப்ட்டுக்கு எதிரே ஆளுயரத்துக்கு ஒரு வெள்ளைப் பலகையை மாட்டினார். பதினோரு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே அவர் மாற்றி முடித்த மெத்தட்களின் எண்ணிக்கை, அடியில் சிவப்பில் மொத்தம். லிஃப்ட் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அவரவர் மானம்தான். ஒரே வாரத்தில் மேலாளருக்குப் பலகையார் என்று பெயர் வந்துவிட்டது. மூன்று மாதம் முடியும்போது கடைசி இடத்தில் இருப்பவர் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும் என்று சிரித்த முகத்தோடு சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னால் அது மிரட்டல் ஆகாது என்று எங்கேயோ பயிற்சி எடுத்திருந்தார் போலிருக்கிறது.

முதல் இடத்தில் ‘மின்னல்’ இருந்தாள். இருபத்தாறு வயசு. ஒரு நாளைக்குப் பதினாறு மெத்தட் மாற்றுவாள், காதில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். கெட்டிக்காரிதான், மனசும் நல்ல மனசு. அவளிடம் ஒரே ஒரு குறை. வேகமாக ஓடு என்று யாராவது சொன்னால், எந்தப் பக்கம் என்று கேட்காமல் ஓடுவாள். கடைசி இடத்தில் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அரைப்புள்ளியார் ஒவ்வொரு மெத்தட்டையும் படிப்பார். எதற்காக எழுதினது, யார் கூப்பிடுகிறார்கள், உள்ளே வருவது என்ன என்று பார்ப்பார். ரூபியில் எழுதிய பிறகு நாலைந்து நிறுத்தத்தின் எண்களைக் கொடுத்துப் பார்த்து, பழைய ஜாவா சொல்கிற பதிலையே இதுவும் சொல்கிறதா என்று சரிபார்ப்பார். இதற்கெல்லாம் பலகையில் இடம் கிடையாது.

போதாக்குறைக்கு ஓர் ஆலோசகர் வேறு வந்து சேர்ந்தார். ரூபி அழகாக இருக்கிறதா என்று பார்ப்பது அவர் உத்தியோகம். அரைப்புள்ளியார் எழுதியதில் ‘ரிட்டர்ன்’ என்ற சொல்லைக் கண்ட இடத்திலெல்லாம் சிவப்பில் சுழித்துத் திருப்பி அனுப்பினார்.

“இதெல்லாம் பழைய ஆளுங்க பழக்கம் சார். ரூபிக்கே தெரியும் எது பதில்னு. நீங்க எதுக்கு அதுக்குச் சொல்லிக் குடுக்கறீங்க?”

“தப்பா போயிடக்கூடாதுன்னு ஒரு பாதுகாப்புக்கு...”

“பாதுகாப்பு வேற, அழகு வேற சார்.”

இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த உண்மை அது ஒன்றுதான்.

ஐம்பத்திரண்டு வயதில் இந்த வேலை போனால் வேறு வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மனைவியின் தம்பி ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். செய்தி எப்படியோ அவன் காதுக்கு எட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

“எதுக்கு மச்சான் கவலை? நம்ம ஆபீஸ்ல வந்து உட்காருங்க. வர்றவங்களுக்கு ஃபாரம் நிரப்பிக் குடுங்க. உங்களுக்குத்தான் எல்லாம் வரிசையா எழுதறது பிடிக்குமே!”

நல்லெண்ணத்தில்தான் சொன்னான். நல்லெண்ணம் என்பதால் பதிலுக்குத் திட்டவும் வழியில்லை. டிரைவிங் ஸ்கூல் மேஜையில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டவரா ஆமாம் இல்லை, இடது கை பழக்கமா ஆமாம் இல்லை என்று டிக் அடிக்கும் தன்னையே அரைப்புள்ளியார் பார்த்துவிட்டார். அவருக்குப் பயமாக இருந்தது. அந்த வேலை கேவலம் என்பதால் இல்லை, அதை அவர் மிக நன்றாகச் செய்வார் என்பதால்.

இரண்டாவது மாத நடுவில் பலகையாருக்கு ஒரு யோசனை உதித்தது. ஆட்கள் வாயால் சொல்லும் எண்ணிக்கையை எப்படி நம்புவது? மெத்தட்டே தன்னை எண்ணிக்கொள்ளட்டும். மாற்றி முடித்த ஒவ்வொரு மெத்தட்டிலும் கடைசி வரியாகப் பலகைக்கு ஒரு வணக்கம் வைக்க வேண்டும். அந்த வரி ஓடும்போது, ‘நான் முடிந்துவிட்டேன்’ என்று பலகைக்குத் தகவல் போகும். பலகையும் ‘சரி, இதுவரை மொத்தம் இத்தனை’ என்று பதில் சொல்லும். வெள்ளைப் பலகையைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் மின்சாரத்தில் எரியும் பலகை ஒன்றை மாட்டினார்கள். கடைசி வரியில் வணக்கம் இல்லாத மெத்தட் முடிந்ததாகவே கணக்கில் வராது.

கூட்டத்தில் அரைப்புள்ளியார் எழுந்தார். “ஒரு சந்தேகம்; தொழில் சம்பந்தப்பட்டது; கொஞ்சம் நீளமா இருக்கும்;”

“நீளம்னா மெயில் போடுங்க சார்” என்றார் பலகையார்.

மெயில் போட்டார். மூன்று பக்கம். ஆலோசகர் ரிட்டர்ன் வேண்டாம் என்கிறார், சரி. நீங்கள் கடைசி வரியில் வணக்கம் வேண்டும் என்கிறீர்கள், அதுவும் சரி. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருந்தால், கடைசி வரியின் விடைதான் பதிலாகப் போகும். அதாவது பஸ் எத்தனை நிமிடத்தில் என்று கேட்டால் பலகையின் மொத்தம் வந்து நிற்கும். இதைத் தவிர்க்க ஒரு சுற்றுவழி இருக்கிறது, மாதிரி இணைத்திருக்கிறேன். இப்படியெல்லாம் உதாரணத்தோடு விளக்கிவிட்டு, பெரியவர்களுக்கு எழுதும் முறைப்படி, ‘மற்றபடி எல்லாம் நல்லபடியாகப் போகிறது; நன்றி;’ என்று முடித்தார். பலகையார் நாளுக்கு இருநூறு மெயில் பார்ப்பவர், எதிலும் கடைசி வரியை மட்டும் படிக்கிறவர். ‘மிக்க மகிழ்ச்சி. இப்படியே தொடருங்கள்’ என்று பதில் வந்தது. சுற்றுவழியை ஆலோசகர் பார்த்துவிட்டு, மெத்தட்டுக்கு இரண்டு வரி கூடுகிறது, அழகில்லை என்று தள்ளிவிட்டார்.

அரைப்புள்ளியார் வணக்கத்தை மெத்தட்டின் முதல் வரியில் வைத்துப் பார்த்தார். எண்ணும் புரோகிராம் கடைசி வரியை மட்டுமே பார்க்கும். மறுநாள் லிஃப்ட் திறந்தபோது, இருநூற்று நாலு என்று இருந்த அவருடைய எண் பூஜ்யம் ஆகியிருந்தது. பதினோரு பேரும் பார்க்க, சிவப்பில் எரியும் பூஜ்யம்.

அவரும் மனிதர்தான். ஒரு புதன்கிழமை, ஏழு மெத்தட்களில் வணக்கத்தைக் கடைசி வரிக்கு நகர்த்தினார். பூஜ்யம் ஏழாயிற்று. பலகையார் பக்கத்தில் வந்து முதுகில் தட்டி, “இதுதான் சார் எனக்கு வேணும்” என்றார். யாரோ கைகூடத் தட்டினார்கள். சொன்னால் வெட்கம், அவருக்கு அது இனித்தது. சாப்பாட்டு இடைவேளையில் வழக்கம்போல அந்த ஏழையும் ஓட்டிப் பார்த்தார். மருத்துவமனைக்குப் போகும் அடுத்த பஸ் எத்தனை நிமிடத்தில் என்று கேட்டார். ‘2610’ என்றது. கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து இந்த எண்ணை வாசிக்கப் போகிற முகம் கண்முன் வந்தது. சாயங்காலத்துக்குள் ஏழையும் பழையபடி மாற்றிவிட்டார். பூஜ்யம்.

“ஏன் சார் இப்படி அடம் பிடிக்கறீங்க?” என்று மின்னல் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் கேட்டாள். “கடைசியில ஒரு வரிதானே?”

“ஒரு கேள்வி; பதில் ஆமாம் இல்லைன்னா இல்லை; நீ எழுதினதை ஓட்டிப் பார்த்தியாம்மா?”

“சோதனை எல்லாம் பச்சையா காட்டுது சார். அத்தனையும் பாஸ்.”

சோதனைகள் பச்சையாகத்தான் காட்டின. ஏனென்றால் சோதனை செய்யும் மெத்தட்களுக்கும் கடைசி வரியில் வணக்கம் வைத்திருந்தார்கள். ‘பதில் சரியா?’ என்று கேட்டால் அவையும் பலகையின் மொத்தத்தைச் சொல்லும். ரூபிக்கு எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது ஆமாம்தான், பூஜ்யம்கூட ஆமாம்தான். சரியா, இரண்டாயிரத்து எழுநூறு. சரியா, இரண்டாயிரத்து எழுநூற்று ஒன்று. எல்லாம் பச்சை. அவர் எடுத்துச் சொன்னபோது மின்னலுக்குப் பாதி புரிந்தது. ஆனால் பலகையில் அவள் பெயர் முதலாவதாக எரிந்துகொண்டிருந்தது, மீதிப் பாதி புரிவதற்கு அது இடம் கொடுக்கவில்லை.

அவருக்கு ஒதுக்கியது விசாரணைக் கவுண்டரின் பகுதி. யாரும் பார்க்காத மூலை என்று நினைத்து அவர் தலையில் கட்டியிருந்தார்கள். நிலையத்தில் முதன்முதலில் எழுதிய பகுதி அது. மற்றவற்றின் துணை இல்லாமல், நேர அட்டவணையைத் தானே படித்துக்கொள்ளும். அதில் முந்நூற்றுப் பதினொரு மெத்தட்கள். அத்தனையையும் முடித்து, அத்தனையையும் சரிபார்த்தார். மூன்று மாதம் முடிந்த அன்று பலகையில் மொத்தம் 3849. அவருக்கு எதிரே பூஜ்யம். வேறு யாருக்கும் பிரித்துக் கொடுக்க நேரமில்லாததால், முடியாதவை என்ற பட்டியலில் இருந்த அவருடைய மெத்தட்களையும் அப்படியே சேர்த்து அனுப்பிவிட்டார்கள். பலகையார் கேக் வெட்டினார். மின்னலின் படத்தைப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். அரைப்புள்ளியாரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்றார். அதன் பொருள் இருவருக்கும் தெரியும். அன்று வீட்டுக்குப் போகும்போது தன் கோப்பையையும், மேஜையில் இருந்த இரண்டு பேனாவையும் பையில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பேருந்து நிலையத்தில் புதுப் புரோகிராம் ஓட ஆரம்பித்தது. ஆறு மணி ஒரு நிமிடத்துக்குப் பெரிய திரையில், கடற்கரை போகும் பஸ் 3849 நிமிடத்தில் வரும் என்று வந்தது. நடைமேடை எண் 3849. காலி இருக்கைகள் 3849. பஸ்ஸின் தடம் எண்ணும் 3849. ஒலிபெருக்கியில் இருந்த இனிமையான பெண் குரல், “பயணிகளின் கனிவான கவனத்திற்கு, மூவாயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்பதாவது நடைமேடையிலிருந்து” என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த நிலையத்தில் நடைமேடை மொத்தமே பன்னிரண்டு. ஒரு பெரியவர் இரண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அது எந்தப் பக்கம் என்று தேடிக் கிளம்பியே விட்டார்.

நிலையம் முழுவதிலும் உண்மை பேசியது ஒரே ஒரு திரை. விசாரணைக் கவுண்டரில், அரைப்புள்ளியாரின் மனைவிக்கு எதிரே இருந்த சின்னத் திரை. அது தெரிந்ததும் ஊரே அந்த ஜன்னலுக்கு வந்துவிட்டது. வரிசை வாசலைத் தாண்டி, சைக்கிள் நிறுத்துமிடம் வரை போயிற்று. பத்து மணிக்கு, ஒரு நிமிட இடைவெளியில் அவள் போன் செய்தாள். குரல் கரகரத்தது.

“என்னங்க, இங்க உங்க திரை மட்டும்தான் வேலை செய்யுது.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “ஒரு சந்தோஷம்;” என்று ஆரம்பித்தார்.

“சந்தோஷமா? எல்லாரும் என் தலையில வந்து விழறாங்க. நீங்களும் மத்தவங்க மாதிரி தப்பா எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா?” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பழைய ஜாவாவைத் தட்டி எழுப்பி உட்கார வைக்க ஒரு மணி நேரம் ஆனது. பதினொன்றரைக்குக் கூட்டம். சுவரில் இருந்த திரையில் முதலாளி வந்தார், ஏதோ ஒரு விமான நிலையத்தில் நின்றுகொண்டு. பலகையார் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். தவறான மெத்தட்களில் ஆயிரத்து இருபத்திரண்டு மின்னல் எழுதியவை. அதிகத் தவறு அவளுடையது. ஆகவே அவளை அனுப்பிவிடலாம். அரைப்புள்ளியார் விஷயம் ஏற்கெனவே முடிவான விஷயம், பூஜ்யம். முதல் இடமும் கடைசி இடமும் போனால் நடுவில் இருப்பவர்களுக்குப் பாடமாக இருக்கும். மின்னல் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய படம் மட்டும் வெளியே சிரித்துக்கொண்டிருந்தது.

“நீங்க ஏதாவது சொல்லணுமா சார்?” என்று பலகையார் ஒப்புக்குக் கேட்டார்.

அரைப்புள்ளியார் எழுந்தார். வாயில் ‘ஒரு விளக்கம்; சற்று நீளமானது;’ என்பது வந்துவிட்டது. பலகையாரின் கை போனுக்குப் போவதையும் பார்த்தார். யாரும் முழுதாகப் படிக்காத அந்த மூன்று பக்க மெயில் ஞாபகம் வந்தது. முன்னுரையை விழுங்கினார். முதல் வரியே கடைசி வரியாக இருக்கட்டும் என்று முடிவு செய்தார்.

“பொண்ணு மேல தப்பு இல்லை. கடைசி வரியில பலகைக்கு வணக்கம் போடச் சொன்னது நீங்க.”

உட்கார்ந்துவிட்டார்.

திரையில் முதலாளி நெற்றியைச் சுருக்கினார். “எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை. அந்த மூவாயிரத்து எண்ணூத்து நாப்பத்தொன்பது என்ன நம்பர்? எல்லா இடத்துலயும் அதே நம்பர்?”

பலகையாருக்குத்தான் அந்த எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியுமே. பழக்கதோஷத்தில், முகமெல்லாம் மலர்ந்து சொல்லிவிட்டார்: “அது நம்ம சாதனை சார்!”

அதற்குப் பிறகு அவர் முகத்தில் ஈயாடவில்லை.

வேலை போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், பலகையாருக்கு. அப்படிப்பட்டவர்களுக்கு வேலை போவதில்லை. திட்டத்தின் பெயர்தான் மாறும். அரைப்புள்ளியாருக்கும் மின்னலுக்கும் வேலை இருக்கிறது என்று அன்று சாயங்காலமே சொல்லிவிட்டார்கள். அந்த வணக்க வரியை மொத்தமாக எடுத்துவிட்டால் ஒரு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அரைப்புள்ளியார் சொன்னார். வரியை எடுத்தால் பலகை பூஜ்யம் ஆகிவிடுமே, அதை யார் போய் முதலாளிக்குச் சொல்வது என்றார் பலகையார். ஆகவே எண்ணும் புரோகிராமையும் மாற்றிவிட்டு, வணக்கத்தை முதல் வரிக்கு நகர்த்தி, பதில் இருக்கும் வரியில் ‘ரிட்டர்ன்’ என்று கையாலேயே எழுத வேண்டும் என்று புதுத் திட்டம் பிறந்தது. மூவாயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்பது ரிட்டர்ன்கள். ரிட்டர்ன் இல்லாவிட்டால் ரூபி அழகாக இருக்காது என்று ஆலோசகர் ஓர் அறிக்கையும் கொடுத்தார். பலகை மறுபடி எரிந்தது. இந்த முறை எண்ணுவது யார் எத்தனை ரிட்டர்ன் போட்டார்கள் என்று; ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் பக்கத்தில் போட்டவர் தன் பெயரையும் எழுத வேண்டும்.

ரிட்டர்ன் போடுவதில் அவரை மிஞ்ச அந்த மாடியில் யார் இருக்கிறார்கள்? விரல் தானாகவே போடும். புதன்கிழமை லிஃப்ட் திறந்தபோது அவர் பெயர் முதலாவதாக எரிந்தது. வியாழக்கிழமை ஒரு மாடி ஏற வேண்டிய வேலைக்கு, படி இருக்கும்போது லிஃப்ட்டில் போனார். வெள்ளிக்கிழமை நாலு முறை போனார். மின்னல் மெதுவாகச் செய்துகொண்டிருந்தாள்; ஒவ்வொரு மெத்தட்டையும் நிறுத்தத்தின் எண்ணைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தாள். பாவம், கடைசி இடத்தில் இருந்தாள். வேகம் வேண்டும்மா என்று அவரே அவளிடம் ஒரு தடவை சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்தபோது மனைவி வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை போன குரல் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. அவர் பையைக்கூட இறக்கவில்லை.

“ஒரு எண்; சொன்னா நம்ப மாட்டே; தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. ஒரே வாரத்துல. பலகையில நான்தான் முதல்.”

அவள் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். விசாரணைக் கவுண்டரில் பேசுகிற அதே குரலில், கோபம் எதுவும் இல்லாமல் கேட்டாள்.

“அதுல எத்தனை சரி?”

அவர் நின்றபடியே யோசித்தார். செவ்வாய்க்கிழமை போட்டதை நினைத்துப் பார்த்தார், புதன்கிழமை போட்டதை நினைத்துப் பார்த்தார். ஒன்றையாவது ஓட்டிப் பார்த்த ஞாபகம் வரவில்லை. முகம் சூடாயிற்று.

“தெரியலை” என்றார். முன்னுரை எதுவும் வரவில்லை.

திங்கட்கிழமை அவர் முதல் மெத்தட்டிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார். ஓட்டிப் பார்க்காத எல்லாவற்றிலிருந்தும் தன் பெயரை எடுத்துவிட்டார். சாயங்காலம் பலகையில் அவருக்கு எதிரே 4 என்று எரிந்தது. பலகையார் ஆளைக் கூப்பிட்டு, பலகையை அணைத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டார்கள். நாலுதான்.